மறுபிறவிக் காதல் நாவல்: எந்த ஊழைத் தேர்வது?

பதினாறு வயது நிறைந்த மறுநாள் அல்லி பிறவிப் பதிவகத்துக்கு வருகிறாள். மர பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு அவளுடைய எண்ணைக் கூப்பிடுகிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் எழுத்தர் ஒரு பழுப்பு உறையின் அரக்கை உடைத்து, உள்ளே இருப்பதை உரக்க வாசிக்கிறார்: முற்பிறவிப் பெயர், ஊர், இறந்த தேதி, கணவர் பெயர். வாசித்து முடித்ததும் கதவுப் பக்கம் கையைக் காட்டுகிறார். அங்கே ஒரு பையன் நிற்கிறான். அவன் கையிலும் அதே நிறத்தில் ஓர் உறை. அந்த நகரத்தின் சட்டப்படி, திருமணம் சாவோடு முடிந்துவிடுவதில்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கும் இளையோர் நாவலின் முதல் காட்சி இது. பதினைந்து முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கான கதை. டிஸ்டோபியா என்று அவர்களே பெயர் சொல்லிக் கேட்கும் வகை: இறுகிப்போன அரசு, வரிசைப்படுத்தப்பட்ட மக்கள், நடுவில் ஒரு காதல். முதல் காட்சி ஒரே நாளில் வந்துவிட்டது. அதற்கு அடுத்த பக்கத்தை மட்டும் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அல்லி அந்தப் பையனிடம் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியவில்லை. எந்த ஊழின் கீழ் அவள் வாழ்கிறாள் என்பதை நான் முடிவு செய்யாததே காரணம் என்று புரிய நாளாயிற்று.

மறுபிறவி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல ஏற்பாடுகள் இருக்கின்றன. எது பிறக்கிறது, யார் தீர்மானிக்கிறார்கள், நினைவு வருமா வராதா, செய்ததற்குக் கணக்கு உண்டா இல்லையா என்பதெல்லாம் ஒவ்வொன்றிலும் வேறு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால்தான் கதையின் சட்டம் நிற்கும். இதே மாதிரிக் கதை எழுத நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று, நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே வைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே உரைகல்லில்தான் உரசினேன். இந்த ஏற்பாட்டில் அல்லியால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா? சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்குமா? படிக்கப்போகிறவர்களின் வயதை நினைத்துத்தான் இந்தக் கேள்வி. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை அப்பா முடிவு செய்கிறார். எந்தக் கல்லூரி என்பதை மாமா முடிவு செய்கிறார். யாரோடு பேசலாம் என்பதைத் தெருவே முடிவு செய்கிறது. ‘உனக்கென்று எழுதி வைத்தது’ என்ற சொல்லை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். மறுக்க வழியில்லாத இடத்தில் ஒரு பெண் ‘சரி’ என்று தலையாட்டினால் அதைக் காதல் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

முதலில் என்னை இழுத்தது ஆசீவகம், எல்லாம் விதிப்படியே நடக்கும் என்று நம்பிய பழைய இந்தியச் சமயம். அவர்களுடைய நூல்கள் எதுவும் நம் கைக்கு வரவில்லை. அவர்களை மறுத்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் பெரும்பாலும் அவர்களை அறிகிறோம். பௌத்த நூலான தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சூத்திரத்தில், ஆசீவகரின் தலைவர் மக்கலி கோசாலரின் கொள்கையாக ஓர் உவமை வருகிறது. நூற்கண்டை உருட்டிவிட்டால் நூல் தீரும்வரை அது பிரிந்துகொண்டே ஓடும். அதுபோல மூடனும் அறிவாளியும் ஒன்றேபோல் 84 லட்சம் மகாகல்பங்கள் (எண்ண முடியாத நீண்ட யுகங்கள்) பிறந்து பிறந்து ஓடித்தான் துன்பத்தின் முடிவைக் காண்பார்கள். நல்லது செய்து அதைக் குறைக்க முடியாது. கெட்டது செய்து கூட்டவும் முடியாது. முயற்சிக்கு அங்கே வேலையே இல்லை.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் ஓர் ஆசீவகர் தம் சமயத்தை விளக்குகிறார். பிறவிகளுக்கு ஆறு நிறங்கள் என்கிறார்: கரும்பிறப்பு, கருநீலப் பிறப்பு, பசும்பிறப்பு, செம்பிறப்பு, பொன்பிறப்பு, வெண்பிறப்பு. வெண்பிறப்பை எட்டியவர்களுக்கே வீடுபேறு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இளையோரை ஐந்து பிரிவாக, பன்னிரண்டு பிரிவாகப் பிரித்து வைக்கும் எதிர்கால நகரங்களை எத்தனையோ கதைகளில் பார்த்திருக்கிறோம். இங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நிறம் நிறமாக, தயாராக ஒரு நகரம் இருக்கிறது. கரும்பிறப்புக் குடியிருப்பு, பசும்பிறப்புப் பள்ளிக்கூடம், பொன்பிறப்பினருக்குத் தனி வாசல் என்று படம் தானாகவே விரிந்தது.

எழுத உட்கார்ந்தபோது அது நகரவில்லை. அல்லி ‘மாட்டேன்’ என்றால் அதுவும் நூற்கண்டில் சுற்றியிருந்த நூல்தான். அவளை மிரட்டும் அதிகாரியின் மிரட்டலும் அதே நூல்தான். கொடுங்கோலன் குற்றவாளி இல்லை, எதிர்த்து நின்றவள் வீராங்கனையும் இல்லை. மெய்யியலாக அது கம்பீரமானது. கதையாக, நாற்பதாம் பக்கத்தில் மூச்சு நின்றுவிடும்.

ஆனாலும் அதை முழுதாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் கணியன் பூங்குன்றனார். அவருடைய புறநானூற்று 192ஆம் பாட்டை ஆசீவகத்தோடு சேர்த்துப் படிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்று, ஆற்றோடு போகும் தெப்பமாக உயிரைக் காட்டுகிறார். அங்கிருந்து அவர் போய்ச் சேரும் இடத்தைக் கவனியுங்கள். எல்லோரும் தெப்பம்தான் என்றால் பெரியோர் என்று வியக்க ஒன்றுமில்லை. சிறியோர் என்று இகழ அதைவிடவும் ஒன்றுமில்லை. விதியை நம்பிய ஒருவர் அதிலிருந்து சமத்துவத்தை எடுத்தார். என் நகரத்து அரசு அதே விதியிலிருந்து நிற வரிசையை எடுக்கிறது. நாவலில் அல்லியின் பாட்டிக்கு இந்தப் பாட்டின் நம்பிக்கையைக் கொடுத்திருக்கிறேன். பதிவகம் சொல்வது எல்லாவற்றையும் நம்புகிறவள் அவள். ஆனாலும் யார் வீட்டு வாசலிலும் அவள் குனிந்து நிற்பதில்லை.

அடுத்தது வினைக்கணக்கு. ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்லும் வழி. கோவலன் ஏன் அப்படிச் செத்தான் என்பதற்கு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஒரு பழைய கதை சொல்கிறது. கலிங்கத்தில் சிங்கபுரமும் கபிலபுரமும் பகையாக இருந்த காலம். சங்கமன் என்ற வணிகன் சிங்கபுரத்தில் பண்டம் விற்கிறான். அரசுப் பணியில் இருந்த பரதன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைக்கிறான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு, மலையிலிருந்து விழுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலன்.

கணக்கு கச்சிதமாக இருக்கிறது. பொய்க்குற்றம் சாட்டிக் கொன்றவன் பொய்க்குற்றத்தால் செத்தான். இளம் வாசகர்களுக்கு இந்த இசைவு பிடிக்கும். முற்பிறவி ரகசியம் ஒன்று நூறாம் பக்கத்தில் திறந்தால் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். இருந்தாலும் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அடிபட்டவனைப் பார்த்து ‘நீ முன்பு செய்தது’ என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது. நம் சமூகம் அதைச் சொன்னதும் உண்டு. ஒருவரைச் சேரியில் நிறுத்திவைத்துவிட்டு, அதற்குக் காரணம் அவருடைய போன பிறவி என்று சொல்லிய வரலாறு நமக்கு இருக்கிறது. வினைக்கணக்கை அப்படியே நாவலின் உண்மையாக வைத்தால், கரும்பிறப்புக் குடியிருப்பில் பிறந்த குழந்தைக்குப் பால் இல்லை என்பதற்கும் நியாயம் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொல்ல மாட்டேன். என் நகரத்து அரசு சொல்லட்டும்.

இளங்கோவடிகளே அந்தப் பள்ளத்தில் விழவில்லை என்பது என் எண்ணம். ஊழ்வினை உண்மை என்று சொன்னவர்தான், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியனைச் சொல்லவைத்து அரியணையிலிருந்து விழவும் வைத்தார். ஊழ் நடந்தது என்பதற்காக அரசன் தப்பவில்லை. இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. திருக்குறளிலும் இப்படித்தான். 380ஆம் குறள் ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது. 620ஆம் குறள், தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. இந்த இரட்டை நிலையை வைத்து ஒரு நல்ல நாவல் எழுதலாம். ஆனால் அது இன்னும் அல்லியின் இரண்டாம் பக்கத்தை எழுதிக்கொடுக்கவில்லை.

கிரேக்கத்தில் பிளேட்டோ காட்டும் வழி இதற்கு நேர் எதிர். குடியரசு நூலின் பத்தாம் பகுதியில், போரில் செத்துப் பன்னிரண்டாம் நாள் சிதைமேல் உயிர்த்தெழும் ஏர் என்ற வீரன், மறு உலகில் கண்டதைச் சொல்கிறான். ஆன்மாக்களுக்கு முன்னால் வாழ்க்கைகள் பரப்பிவைக்கப்படுகின்றன. அவரவர் தேர்ந்துகொள்ளலாம், பழி தேர்ந்தவருடையது, கடவுளுடையது அன்று. முதலில் வந்தவன் அவசரமாகக் கொடுங்கோலன் வாழ்க்கையை எடுக்கிறான். தன் பிள்ளைகளையே தின்னும் விதி அதற்குள் இருப்பதைப் பிறகுதான் பார்க்கிறான். கடைசியாக வந்த ஒடிசியஸ், யாரும் தொடாமல் மூலையில் கிடந்த ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையைத் தேடி எடுத்து மகிழ்கிறான். பிறகு எல்லோரும் மறதியின் சமவெளியில் ஆற்றுநீரைக் குடித்து, தேர்ந்ததையே மறந்து பிறக்கிறார்கள்.

அழகான காட்சிதான். ஆனால் காதல் கதைக்கு அதில் இடம் குறைவு. தேர்வு முழுவதும் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ‘நீயே ஒப்புக்கொண்டாய், உனக்குத்தான் மறந்துவிட்டது’ என்று அல்லியிடம் எழுத்தர் சொன்னால் அவள் எதைக் காட்டி மறுப்பாள்? படிக்காமல் கையெழுத்திட்ட பத்திரத்தை வைத்து ஆளைக் கட்டிப்போடுவது போன்ற ஏற்பாடு அது. அடக்குமுறை அரசுக்கு அருமையான வாதம் என்பதால் எழுத்தரின் வாயில் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறவியை அரசு பதிவுசெய்யும் என்பது என் கற்பனை என்று நினைத்திருந்தேன். திபெத்தைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. 1793இல் சீனப் பேரரசர் கியான்லாங், பெரிய லாமாக்களின் மறுபிறவியைத் தங்கக் கலசத்தில் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும் என்று விதித்தார். 1995 மே மாதம் தலாய் லாமா, கெதுன் சோக்கி நியீமா என்ற ஆறு வயதுச் சிறுவனை, திபெத்திய பௌத்தத்தில் தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் பஞ்சென் லாமாவின் மறுபிறவி என்று அறிவித்தார். சில நாட்களிலேயே சீன அதிகாரிகள் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பிறகு அவன் பொதுவெளியில் காணப்படவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அதே தங்கக் கலசத்தைக் கொண்டு அரசு வேறொரு சிறுவனை நியமித்தது. 2007இல் சீன அரசின் மத விவகார நிர்வாகம் வெளியிட்ட 5ஆம் எண் ஆணைப்படி, அரசு அனுமதியில்லாமல் எந்த லாமாவும் மறுபிறவியாக அங்கீகரிக்கப்பட முடியாது. விண்ணப்பம், ஒப்புதல், சான்றிதழ் எல்லாம் உண்டு. அங்கே ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யார் எங்கே மறுபடி பிறக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் அதற்கு வேண்டும். என் பதிவகத்தின் எழுத்தர் மறுபிறவியை நம்புகிறவரா என்ற கேள்விக்கு எனக்கு அங்கேதான் விடை கிடைத்தது. அவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

அதே திபெத்தில், இந்த நாவலுக்காகவே வாழ்ந்துவிட்டுப் போனவர் போல ஒருவர் இருக்கிறார். ஆறாம் தலாய் லாமா சாங்யாங் கியாட்சோ. ஐந்தாம் தலாய் லாமா 1682இல் இறந்ததை அவருடைய ஆட்சிப் பொறுப்பாளர் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் தவாங் பகுதியில் 1683இல் பிறந்த ஒரு பையனை ரகசியமாகவே மறுபிறவியாகத் தேர்ந்து வளர்த்தார்கள். 1697இல், பதினான்கு வயதில், அவனைக் கொண்டுவந்து லாசாவின் பொட்டாலா அரண்மனையில் அமர்த்தினார்கள். 1702இல் முழுத் துறவு ஏற்க வேண்டிய நேரம் வந்தது. அவன் மறுத்தான். சிறுவயதில் ஏற்ற நோன்புகளையும் தன் குருவான பஞ்சென் லாமாவிடமே திருப்பிக் கொடுத்தான். தலைமுடியை வளர்த்தான், சாதாரண உடையில் வில் பழகினான், இரவில் பொட்டாலாவின் அடிவாரத்தில் இருந்த ஷோல் குடியிருப்பின் மதுக்கடைகளுக்கு இறங்கிப் போனான். அவன் பெயரில் வழங்கும் காதல் பாடல்களைத் திபெத்தியர்கள் இன்றும் பாடுகிறார்கள்.

அவன் தன் மறுபிறவியை மறுத்ததாகத் தெரியவில்லை. அதற்காகத் தன்மேல் சுமத்தப்பட்ட வாழ்க்கையைத்தான் மறுத்தான். இந்த வேறுபாடு எனக்குக் கலங்கரை விளக்கமாக இருந்தது. 1706இல் மங்கோலியத் தலைவர் லாசாங் கான் அவனைப் பதவியிலிருந்து இறக்கிச் சீனாவுக்கு அனுப்பினார். வழியிலேயே இறந்துபோனான். வெண்கொக்கே, உன் சிறகைக் கடன் கொடு, வெகுதூரம் போக மாட்டேன், லித்தாங் வரை போய்த் திரும்பிவிடுவேன் என்று அவன் ஒரு பாட்டில் சொல்லியிருந்தான். அடுத்த தலாய் லாமாவை மக்கள் கிழக்குத் திபெத்தின் அந்த லித்தாங்கிலேயே கண்டுகொண்டார்கள். ஒரு பெண்ணை நினைத்துப் பாடிய பாட்டோ, அடுத்த பிறவிக்குச் சொன்ன முகவரியோ, எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஓர் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இவனையே கதாநாயகனாக்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் திபெத்திய ஏற்பாட்டில் மறுபிறவி என்பது ஒரு பதவியின் தொடர்ச்சி. குருவின் பொறுப்பு அடுத்த உடலுக்குப் போகிறது. அதில் இரண்டு பேருக்கு இடையிலான பழைய அன்பு எங்கே போகும் என்ற என் கேள்விக்கு இடமில்லை. அரசு இயந்திரத்துக்குத் திபெத்தின் அனுபவம் சரி. அல்லியின் நெஞ்சுக்கு வேறு வேண்டும்.

நெஞ்சைப் பற்றி யோசிக்கும்போது சாந்தி தேவியை விட்டுவிட முடியாது. 1926இல் டெல்லியில் பிறந்தவர். நான்கு வயதில், என் ஊர் மதுரா, எனக்குக் கணவரும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். கணவர் பெயர் கேதார்நாத் சௌபே என்றார். தேடிப் பார்த்தபோது அப்படி ஒருவர் மதுராவில் இருந்தார். அவருடைய மனைவி லுக்தி 1925இல் பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்திருந்தார். செய்தி பரவி, காந்தியின் ஆர்வத்தில் ஒரு குழு அமைந்து, 1935 நவம்பரில் அந்தச் சிறுமியை ரயிலில் மதுராவுக்கு அழைத்துப் போனது. இதை மறுபிறவிக்குச் சான்றாக ஏற்காமல் மறுத்து எழுதியவர்களும் அப்போதே இருந்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு கணக்கு: ஒன்பது வயதுச் சிறுமி தன் மகன் என்று கண்கலங்கி அணைத்த அந்தப் பையன், அவளைவிட ஒரு வயது மூத்தவன்.

இதை ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு வீட்டுக் கூடம். வயது வந்த ஓர் ஆண், பாவாடை கட்டிய ஒரு சிறுமி, அவளைவிட அரை அடி உயரமான ஒரு பையன். அந்தச் சிறுமியிடம் இருப்பது மனைவியின் நினைவு. அவளுடைய உடலோ நான்காம் வகுப்புப் படிக்கும் குழந்தையுடையது. நினைவு உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக அவளை அந்த வீட்டில் விட்டுவிட்டு வர முடியுமா? முடியாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவளை டெல்லிக்கே திரும்ப அழைத்து வந்தார்கள். சாந்தி தேவி கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1987இல் இறந்தார். நினைவு இருப்பது வேறு, அதற்குக் கடன்பட்டிருப்பது வேறு என்பதை வாசகருக்கு உணர்த்த ஒரு காட்சி வேண்டுமென்றால் இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

இன்னொரு வழியைப் பற்றி இரண்டு வரி போதும். இந்தப் பிறவியில் சேர முடியாத காதலர்கள் அடுத்த பிறவியில் சேர்வதற்காகச் சேர்ந்து சாவது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் இப்படிப்பட்ட நாடகங்கள் பெரும் வரவேற்புப் பெற்றன. பார்த்தவர்கள் அதையே பின்பற்றும் அளவுக்குப் போனதால் 1723இல் ஷோகுன் அரசு அவற்றைத் தடை செய்தது. நான் தடைகளை ஆதரிப்பவன் இல்லை. ஆனால் பதினாறு வயது வாசகரின் கையில் நான் கொடுக்கும் புத்தகத்தில் சாவு ஒரு சந்திப்பிடமாக இருக்காது. இதில் எனக்கு மறுபரிசீலனை கிடையாது.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் மணிமேகலை. பள்ளியில் அமுதசுரபி என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் படித்துவிட்டு மறந்த நூல். இப்போது எடுத்துப் படித்தால், நான் தேடிய கதை ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. அழியப்போகும் ஒரு நகரம், அதிகாரம் உள்ள ஓர் இளைஞன், ஓர் இளம்பெண், அவர்களுக்கு இடையே ஒரு முற்பிறவி.

சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையைத் துரத்துகிறான். அவள் உவவனத்துப் பளிக்கறையில் ஒளிந்துகொள்கிறாள். கண்ணாடிக்கு உள்ளே பெண், வெளியே இளவரசன். அவன் போனபிறகு அவள் தோழி சுதமதியிடம் ஒப்புக்கொள்வதைக் கேளுங்கள். கற்பில்லாதவள், காசுக்கு விலைபோகிறவள் என்றெல்லாம் தன்னை இகழ்ந்தான் என்று தெரிந்தும், ‘புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்’ என்கிறாள். காமத்தின் இயல்பு இதுதான் என்றால் அது கெட்டொழியட்டும் என்றும் சேர்த்தே சொல்கிறாள். ஒரே மூச்சில் ஆசையும் அதன்மேல் கோபமும். பதினைந்து வயது மனத்தை இவ்வளவு நேராகச் சொன்ன வரிகளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிறகு தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் போன பிறவி நினைவு வருகிறது. அப்போது அவள் பெயர் இலக்குமி. கணவன் இராகுலன் பாம்பு தீண்டிச் செத்தான். அந்த இராகுலன்தான் உதயகுமரன். நெஞ்சு ஏன் அவன் பின்னால் போயிற்று என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. நம் காதல் கதைகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். பழைய பந்தம் தெரிந்தபிறகு இனி என்ன தடை என்று கேட்கும். மணிமேகலையை எழுதிய சாத்தனாரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அவள் திரும்பி வந்து அவனிடம் போகவில்லை. அமுதசுரபியை எடுத்துக்கொண்டு பசித்தவர்களிடம் போகிறாள். அரசனிடம் வரம் கேட்டுச் சிறைச்சாலையை அறச்சாலையாக்குகிறாள்.

அவள் கல்லாகவும் இல்லை. காயசண்டிகை என்ற பெண்ணின் உருவில் இருக்கும்போது உதயகுமரன் மறுபடி வருகிறான். அவள் எதிரே நிற்கும் ஒரு கிழவியைக் காட்டி, ஆற்றின் கருமணல் போல இருந்து வெண்மணலாகிவிட்ட இந்தக் கூந்தலைப் பார் என்று தொடங்கி, உறுப்பு உறுப்பாக, அழகு என்ன ஆகிறது என்று சொல்கிறாள். அந்தப் பேச்சில் அக்கறை இருக்கிறது; ஒரு காலத்தில் கணவனாக இருந்தவன்மேல் உள்ள அக்கறை. தன் மனைவிதான் வேற்று ஆணோடு பேசுகிறாள் என்று நினைத்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், நள்ளிரவில் அவனை வாளால் வெட்டிவிடுகிறான். மணிமேகலை கதறுகிறாள். உடலை நோக்கி நகர்கிறாள். தூணில் இருக்கும் தெய்வப் பாவையான கந்திற்பாவை அவளைத் தடுக்கிறது. போன பிறவியில் சமையற்காரன் ஒருவன் கால் தடுக்கி முனிவருக்கான உணவைக் கொட்டிவிட்டதற்காக இராகுலன் அவனை வெட்டிப் போட்டான், அந்த வினைதான் இது என்கிறது.

என் உரைகல்லில் இந்த ஒன்றுதான் முழுதாகத் தேறுகிறது. முற்பிறவி உண்மை. ஈர்ப்பு உண்மை. வினையும் தன் வேலையைச் செய்கிறது. இவை எல்லாம் இருந்தும் அவள் ‘மாட்டேன்’ என்கிறாள். நடப்பது அதைச் சுற்றியே திரும்புகிறது.

இதிலிருந்துதான் நாவலின் மிக முக்கியமான முடிவை எடுத்தேன். இந்த வகைக் கதைகளில் வழக்கமாக ஒரு திருப்பம் வரும்: பதிவேடு போலி, அரசு சொன்னது பொய், ஆகவே நாயகிக்கு விடுதலை. எனக்கும் அது எளிதாக இருந்திருக்கும். ஆனால் அப்படி எழுதினால் அல்லியின் சுதந்திரம் ஒரு மோசடியைக் கண்டுபிடிப்பதில் தொங்கிக்கொண்டிருக்கும். பதிவேடு உண்மையாக இருந்திருந்தால் அவள் போயிருக்க வேண்டும் என்று ஆகிவிடும். ஆகவே என் நாவலில் உறைக்குள் இருப்பது அத்தனையும் உண்மை. அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள்தான். நன்றாகவே வாழ்ந்தவர்கள்.

மணிமேகலையில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. அதன் முடிவு துறவு. பிறவி அறுவதற்காக அவள் நோன்பிருக்கிறாள். அது அந்தக் காப்பியத்தின் சமயம், அதற்கு அது நேர்மையான முடிவு. என் வாசகர்கள் இருபது வயதைக்கூட எட்டாதவர்கள். காதலை மறுப்பதுதான் விடுதலை என்று அவர்களுக்கு நான் சொல்ல விரும்பவில்லை. இன்னொன்று இதைவிட உறுத்துகிறது. உதயகுமரனுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. அவள் இராகுலனை அறிவாள், அவன் இலக்குமியை அறியமாட்டான். தெரியாமலே ஆசைப்பட்டு, தெரியாமலே செத்தான். அவன் அடாவடியாக நடந்துகொண்டவன்தான். என்றாலும், அறிந்து தேர்ந்துகொள்ள ஒரு வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

இதே நூலில் என்னை மிகவும் அசைத்த ஒரு காட்சியை நாவலின் நடுப்பகுதிக்கு எடுத்துவைத்திருக்கிறேன். சாவக நாட்டு அரசன் புண்ணியராசன், போன பிறவியில் ஆபுத்திரனாக இருந்தவன், மணிபல்லவத்துக்கு வந்து மணலைத் தோண்டித் தன் எலும்புகளையே பார்க்கிறான். மறுபிறவியைப் பற்றி எத்தனை வாதங்கள் படித்தாலும், சொந்த எலும்புக்கூட்டின் முன்னால் ஒரு மனிதன் நிற்கும் அந்தக் காட்சிக்கு ஈடாகாது. அல்லியும் ஒருநாள் தன் பழைய ஊருக்குப் போய் அந்தக் கல்லறையின் முன் நிற்பாள்.

ஆக, என் நாவலின் சட்டம் இப்படி அமைந்திருக்கிறது. நகரத்தின் கொள்கைக்கு ஆசீவகரின் ஆறு நிறங்கள். அலுவலகத்துக்கு, நம்பிக்கையே இல்லாமல் முத்திரை குத்தும் 2007இன் ஆணை. நினைவு வந்தவளின் உடம்பும் வயதும் எப்படிக் கூசும் என்பதற்குச் சாந்தி தேவி. நடுத்தூணாக மணிமேகலை. இதே மாதிரிக் கதை எழுதுகிறவர்களிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பழிவாங்கலும் ரகசியமும் உங்கள் கதையின் உயிர் என்றால் சிலம்பின் வினைக்கணக்கு உங்களுக்கு அதிகம் கொடுக்கும், அரசனை மட்டும் தப்பவிட்டுவிடாதீர்கள். அரசியல் உயிர் என்றால் திபெத்தைப் படியுங்கள். இரண்டு பேரின் சம்மதம்தான் கதை என்றால் மணிபல்லவத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

நான்காம் முறை எழுதியபோது இரண்டாம் பக்கம் வந்துவிட்டது. எழுத்தர் படிவத்தை நீட்டுகிறார். அதில் பெயருக்கு, நிறத்துக்கு, பெருவிரல் ரேகைக்கு எல்லாம் கட்டம் இருக்கிறது, சம்மதத்துக்கு இல்லை. அல்லி படிவத்தின் ஓரத்தில், வெற்றிடத்தில், ‘மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறாள். கதவைத் தாண்டும்போது அந்தப் பையனைப் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது. பார்க்கிறாள். முகம் பழகியதாக இருக்கிறது. நெஞ்சு அவன் பக்கம் போகத்தான் செய்கிறது.

“உங்கள் பெயர் என்ன?” என்று அவன் கேட்கிறான்.

“உறையில் எழுதியிருக்குமே.”

அவன் கையைத் தூக்கிக் காட்டுகிறான். உறையின்மேல் அரக்கு இன்னும் உடையவில்லை.